டாக்டர் சொல்லாமல் "எனக்கு ஆட்டிசம்" என்று நானே சொல்லிக்கொள்ளலாமா?

பிசிர்நூல்:

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 38 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்து வரும் துணியின் அளவையும் தையலையும் சரிபார்க்கிற செக்கிங்கில் 14 வருடமாக இருக்கிறேன். கணவர் செல்போன் பழுது பார்க்கிறார். 10 வயதில் ஒரு மகள். கேள்வியைக் கடைசியில் கேட்கிறேன். நடந்ததைச் சொல்லாவிட்டால் கேள்வி புரியாது.

போன வருடம் எனக்குக் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்தேன். அமைதியான இடத்தில் ஒருவர் பேசினால் எழுத்து எழுத்தாகக் கேட்கிறது. லைனில் 40 மெஷின் ஓடும்போது சூப்பர்வைசர் வந்து பேசினால் வாய் அசைவது தெரிகிறது, குரல் கேட்கிறது, சொல் மட்டும் வந்து சேர்வதில்லை. ஒருமுறை உயரம் கால் இஞ்ச் குறைந்தாலே தள்ளிவிடச் சொன்னாராம். நான் முக்கால் இஞ்ச் என்று கேட்டுக்கொண்டு ஒரு கட்டு பீஸ் முழுவதையும் பாஸ் பண்ணிவிட்டேன். அன்று வாங்கிய பேச்சுக்குப் பிறகுதான் காது டாக்டரிடம் போனேன்.

அங்கே காது டெஸ்ட் எடுக்க ஒரு சின்ன அறைக்குள் உட்கார வைத்துக் கதவைச் சாத்தினார்கள். ஹெட்போன் மாட்டுவதற்கு முன்னால் ஒரு பத்து விநாடி எதுவுமே கேட்கவில்லை. ஃபேன் இல்லை, டியூப்லைட் ரீங்காரம் இல்லை, தெருவில் வண்டி இல்லை. என் தோள் கீழே இறங்கியது. இத்தனை வருடமாக அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருந்திருக்கிறேன் என்பது இறங்கியபோதுதான் தெரிந்தது. டெஸ்ட் முடிந்ததும் இன்னும் ஐந்து நிமிடம் உள்ளேயே இருக்கலாமா என்று கேட்டேன். டெஸ்ட் எடுத்த பெண் சரி என்று கதவைச் சாத்திவிட்டுப் போனார். நான் அழுதேன்.

ரிப்போர்ட்டில் ஒரு குறையும் இல்லை. 25 டெசிபல் வரை நார்மல் என்கிறார்கள், எனக்கு இரண்டு காதிலும் 10ஐத் தாண்டவில்லை. "காது நல்லாத்தான் கேட்குதுங்க. சத்தத்திலிருந்து பேச்சைப் பிரித்தெடுப்பது மூளை செய்கிற வேலை" என்றார் அந்தப் பெண். அப்புறம் அவராகவே சில கேள்விகள் கேட்டார். டியூப்லைட் சத்தம் கேட்குமா? துணியில் லேபிள் உறுத்துமா? சின்ன வயதிலிருந்தேவா? எல்லாவற்றுக்கும் ஆமாம் என்றேன். அதைச் சொல்கிற இடத்தில் தான் இல்லை என்றும், சத்தம், தொடுதல், மனிதர் பேச்சு இவற்றைச் சின்ன வயதிலிருந்தே மூளை வேறு மாதிரி வாங்கிக்கொள்கிற ஆட்டிசம் பெரியவர்களுக்கு எப்படி இருக்கும் என்று படித்துப் பார்க்கச் சொன்னால் தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் சொன்னார்.

லேபிள் விஷயத்தைச் சொல்கிறேன். வாஷ்கேர் லேபிள் எந்தப் பக்கத் தையலில், அடியிலிருந்து எத்தனை செண்டிமீட்டர் மேலே வர வேண்டும் என்று சார்ட்டில் இருக்கும். தவறினால் தள்ளிவிடுவது என் வேலை. ஆனால் என் உடம்பில் ஒரு லேபிளைக்கூட என்னால் தாங்க முடியாது. கத்தரித்தால் மிச்சமிருக்கும் விளிம்பு இன்னும் குத்தும். அதனால் தையலைப் பிரித்து, லேபிளை வேரோடு எடுத்துவிட்டு, திரும்பத் தைத்துப் போட்டுக்கொள்கிறேன். மகளுடைய துணிக்கும் அப்படியே செய்துகொண்டிருந்தேன், தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று அவளே சொல்லும்வரை. எல்லோருக்கும் குத்துகிறது, எல்லோரும் பொறுத்துக்கொள்கிறார்கள், எனக்குப் பொறுமை போதவில்லை என்றே நினைத்திருந்தேன்.

அதே துணிதான் எனக்கு நிம்மதியும். பஸ்ஸில் முன்சீட்டில் இருப்பவரின் டீஷர்ட் கைமடிப்பில் பேட்லாக் தையல் இரண்டு வரியும் நேராக ஓடுகிறதா என்று பார்த்துக்கொண்டே வந்தால் மனசு நிற்கும். ஓவர்லாக் என்று எல்லோரும் ஒரே பெயரில் சொல்வதில் மூன்று நூல் 504, நான்கு நூல் 514 என்று வெவ்வேறு எண் இருக்கிறது. இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசச் சொன்னால் பேசுவேன். பேசியிருக்கிறேன். எதிரில் இருப்பவர் எப்போதோ கேட்பதை நிறுத்திவிட்டார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரியும்.

என் ஊர் பல்லடம் பக்கம். எனக்கு ஆறு வயது இருக்கும்போது வீட்டுக்கு வந்த ஒரு மாமா கிளம்பும்போது "போய்ட்டு வர்றேன் சாமி" என்றார். இருட்டும்வரை திண்ணையில் காத்திருந்தேன், வரவில்லை. "அது அப்படிச் சொல்றதுதான் கண்ணு" என்றார் அமுச்சி, அம்மாவின் அம்மா. வரமாட்டார் என்றால் போகிறேன் என்றே சொல்லலாமே என்று கேட்டதற்கு வாயில் ஒரு அடி விழுந்தது. பிறகு எழவு வீட்டில் மட்டும் எதுவும் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும் என்றார்கள். "ஒரு நாள் வீட்டுக்கு வாங்க" என்றால் போகக் கூடாது, மூன்று தடவை கூப்பிட்டால்தான் போகலாம். இப்படி ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்தேன். மற்ற பிள்ளைகள் யாரும் இதையெல்லாம் மனப்பாடம் செய்யவில்லை என்பதே எனக்கு 37 வயதில்தான் தெரிந்தது.

நான் யார் கண்ணையும் பார்க்க மாட்டேன். ஒரு பையன் அப்படி இருந்திருந்தால் யாராவது ஏன் என்று கேட்டிருப்பார்கள். எனக்கு அதற்குப் பாராட்டு கிடைத்தது. தலை நிமிராத பொண்ணு, இருக்கிற இடம் தெரியாது. பெண் பார்க்க வந்தவர்களுக்கு அதனாலேயே பிடித்துப்போனது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் எத்தனை பெண் பிள்ளைகள் இந்தப் பாராட்டுக்குள் மறைந்து போயிருப்பார்கள் என்று நினைத்தால் எனக்கு ஆற மாட்டேன் என்கிறது.

அப்புச்சி, அம்மாவின் அப்பா, இறந்தபோது எனக்கு 19 வயது. ஒரு பக்கம் பறை, ஒரு பக்கம் ஒப்பாரி, வருகிறவர்கள் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்கள். நான் கட்டுத்தரையில் போய் உட்கார்ந்து தென்னை ஈர்க்கை ஒரே அளவாக முறித்து அடுக்கிக்கொண்டிருந்தேன். கல்நெஞ்சுக்காரி என்று ஒரு பெரியம்மா எல்லோர் முன்னாலும் சொன்னார். எனக்கு அப்புச்சி என்றால் உயிர். அழுகை நான்கு மாதம் கழித்து வந்தது, அவருடைய வெற்றிலைப் பையைப் பார்த்த அன்று.

ஷிப்மென்ட் நேரத்தில் ஒன்றரை ஷிப்ட் ஒரு வாரம் தொடர்ந்து பார்த்தால் வீட்டுக்கு வந்ததும் பேச்சு வராது. பேசப் பிடிக்காமல் அல்ல. சொல் தொண்டை வரை வந்து நின்றுவிடும். லைட்டை அணைத்துவிட்டுக் குளியலறையில் உட்கார்ந்துவிடுவேன். கணவர் அதைக் கோபம் என்றே எடுத்துக்கொண்டு பல வருடம் அவரும் பேசாமல் இருந்திருக்கிறார்.

படித்தேன். 50 கேள்விகள் கொண்ட ஒரு சோதனையை இணையத்தில் போட்டுப் பார்த்தேன், 39 வந்தது. விருந்துக்குப் போவதா நூலகத்துக்குப் போவதா என்ற மாதிரி ஒரு கேள்வி வந்தது. எனக்குத் தெரிந்த விருந்து காதுகுத்தும் கிடாவெட்டும்தான், அதை வைத்துப் பதில் சொன்னேன். பிறகு ஒரு மனநல மருத்துவரிடம் போனேன். பத்து நிமிடம் பார்த்தார். "கண்ணைப் பார்த்துப் பேசுறீங்க, வேலைக்குப் போறீங்க, குழந்தை இருக்கு. இது ஆட்டிசம் இல்லம்மா, டென்ஷன்" என்று மாத்திரை எழுதினார். நான் அவர் கண்ணைப் பார்க்கவில்லை, மூக்குக்கண்ணாடியின் நடுக்கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்படிப் பார்த்தால் கண்ணைப் பார்ப்பதுபோலவே இருக்கும் என்று கம்பெனியில் ஒரு அக்கா சொல்லிக்கொடுத்தது.

முழுப் பரிசோதனைக்கு கோயம்புத்தூரோ சென்னையோ போக வேண்டும், பலமுறை போக வேண்டும் என்கிறார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு ஷிப்ட் சம்பளம் போகும்.

இப்போது கேள்வி. டாக்டர் எழுதித் தராமல், எனக்கு ஆட்டிசம் என்று நான் சொல்லிக்கொள்வது தப்பா? ஊருக்குச் சொல்ல வேண்டாம். எனக்குள், கணவரிடம், மகளிடம். பேச்சே வராத பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கிற பெற்றோரின் சொல்லை நான் திருடுகிறேனோ என்று உறுத்துகிறது. ஆனால் இந்தப் பெயர் இல்லாத காலத்தில் எனக்குப் பெயர் இல்லாமல் இல்லை. திமிர் பிடித்தவள், ஒட்டாதவள், ஊமைக்கோட்டான், கல்நெஞ்சுக்காரி, எல்லாம் இருந்தன. அவற்றை எந்த டாக்டரும் எழுதித் தரவில்லை.


மூன்றாம்நடைமேடை:

சகோதரி, உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். எனக்கு 53 வயது, திருச்சி, ரயில்வேயில் கணக்குப் பிரிவு. 47வது வயதில் எனக்கு ஆட்டிசம் என்று எழுத்தில் வந்தது. அதற்கு முன்னால் ஆறு வருடம் மனச்சோர்வு என்று மாத்திரை சாப்பிட்டேன். மனச்சோர்வும் உண்மையாகவே இருந்தது. அது எதனால் வந்தது என்றுதான் யாரும் கேட்கவில்லை.

கண்ணைப் பார்க்கிறீர்கள், குழந்தை இருக்கிறது என்று அந்த மருத்துவர் சொன்னது சரியான காரணம் இல்லை. உலகம் முழுக்க மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் அமெரிக்கக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு 2013ல் வந்தது. அறிகுறிகள் சின்ன வயதிலிருந்தே இருந்திருக்க வேண்டும் என்கிறது. கூடவே, வாழ்க்கை கேட்பது ஒருவருடைய தாங்கும் சக்தியைத் தாண்டும்வரை அவை முழுதாக வெளியே தெரியாமல் போகலாம், கற்றுக்கொண்ட உத்திகளால் மறைந்தும் இருக்கலாம் என்று அதிலேயே எழுதியிருக்கிறது. நீங்கள் பார்த்த கண்ணாடிக் கம்பிதான் அந்த உத்தி. ஒலி, ஒளி, தொடுதல் இவற்றின் உறுத்தலையும் அந்தப் பதிப்பில்தான் அளவுகோலில் சேர்த்தார்கள். உங்கள் லேபிள் அதற்கு முன்னால் கணக்கிலேயே வந்திருக்காது.

நாம் பள்ளிக்கூடம் போன காலத்தில் நம்மைக் கண்டுபிடித்திருக்க வழியே இல்லை. 1943ல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற குழந்தைகள் மனநல மருத்துவர் ஆட்டிசத்தை விவரித்து எழுதியது 11 குழந்தைகளைப் பற்றி. அதில் பெண் பிள்ளைகள் மூன்று பேர்தான். வியன்னாவில் ஆஸ்பெர்கர் என்ற மருத்துவர் எழுதியது 1944ல். பிரிட்டிஷ் மனநல மருத்துவர் லோர்னா விங் அதை எடுத்து ஆங்கிலத்தில் விரித்து எழுதியது 1981ல். உங்கள் பதிவின்படி நீங்கள் பிறந்ததே அதற்குச் சில வருடம் கழித்துத்தான். பல்லடம் பக்கம் ஒரு வாத்தியாருக்கு இது எப்படித் தெரிந்திருக்கும்?

இன்னொன்று. டேமியன் மில்டன் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர், அவரும் ஆட்டிசம் உள்ளவர், 2012ல் எழுதினார்: நமக்கு மற்றவர்கள் புரிவதில்லை என்பது பாதிதான், அவர்களுக்கும் நாம் புரிவதில்லை. உங்கள் பெரியம்மாவுக்கு அந்த ஈர்க்குக் கட்டு புரியவில்லை. நீங்கள் அன்று துக்கப்படாமல் இல்லை.

எனக்குக் கிடைத்த பேப்பர் பீரோவில் இருக்கிறது. ஒருமுறைதான் வெளியே எடுத்தேன், வேலையில் இடம் மாற்றம் கேட்க. வாழ்க்கை மாறியது அந்தப் பேப்பர் வருவதற்கு இரண்டு வருடம் முன்னால், நானாகத் தெரிந்துகொண்ட அன்று. உங்களுக்கு அந்த நாள் வந்துவிட்டது. வைத்துக்கொள்ளுங்கள்.


பழையகணக்கு:

தவறாக நினைக்க வேண்டாம். எனக்கும் கூட்டம் பிடிக்காது, சத்தம் பிடிக்காது. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் இருக்கும். ஒரு பெயரை ஒட்டிக்கொண்டால் "நான் இப்படித்தான்" என்று முயற்சி நின்றுவிடுமோ என்று அக்கறையில் கேட்கிறேன். என் தம்பி ஒருவன் அப்படி வீட்டுக்குள்ளேயே அடைந்துவிட்டான்.


வைகைக்கரை:

நான் மருத்துவ உளவியலாளர். இங்கே எழுதியதை வைத்து யாருக்கும் எதையும் உறுதி செய்ய மாட்டேன், செய்யவும் கூடாது. ஆனால் கேள்வி நியாயமானது. தெரிந்ததைச் சொல்கிறேன்.

நீங்கள் போட்ட 50 கேள்விச் சோதனை 2001ல் கேம்பிரிட்ஜில் சைமன் பாரன்-கோஹன் குழு உருவாக்கியதாகத்தான் இருக்க வேண்டும். அந்த முதல் ஆய்வில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் 32 அல்லது அதற்கு மேல் எடுத்தார்கள், மற்றவர்களில் 2 சதவீதம். கேட்க உறுதியாக இருக்கிறது. ஆனால் சந்தேகத்தோடு எங்களிடம் வருகிறவர்களை அது அவ்வளவு சுத்தமாகப் பிரிப்பதில்லை. கூட்டத்தைக் கண்டு பதறுகிறவர்களும் அதில் நிறைய மதிப்பெண் எடுப்பார்கள். அதனால் 39ஐ விட உங்கள் திண்ணைக் கதைதான் எனக்குப் பெரிய தகவல்.

உங்களை நீங்களே சோதித்துப் பார்க்கும்போது "இது பொருந்துகிறதா" என்று மட்டும் கேட்காமல் "வேறு எது பொருந்தும்" என்றும் கேளுங்கள். மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான் ஆணிவேர் என்றால் அது சமூகப் பதற்றம். அது பெரும்பாலும் பதின்வயதில் தொடங்கும். தனியாக இருக்கும்போது அவருக்கு டியூப்லைட் வலிக்காது. ஒழுங்குபடுத்தாவிட்டால் ஏதோ கெட்டது நடந்துவிடும் என்று மனம் விரட்டுவதால் அடுக்கினால் அது வேறு. ஈர்க்கை அடுக்கியது உங்களுக்கு இளைப்பாறல் என்று தோன்றுகிறது, ஆனால் அது உங்களுக்குத்தான் தெரியும். சின்ன வயதில் நிறைய அடி, பயம் என்று வளர்ந்தவர்களும் எப்போதும் தோளைத் தூக்கிக்கொண்டே இருப்பார்கள். கவனம் சிதறும் ஏடிஎச்டி இன்னொன்று. 2013க்கு முன்னால் அதையும் ஆட்டிசத்தையும் ஒருவருக்கே சேர்த்து எழுத விதி இடம் தரவில்லை, இப்போது தருகிறது. இரண்டும் உள்ளவர்கள் நிறையப் பேர்.

சான்றிதழ் தனிக் கதை. 2016ம் வருடத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் ஒன்று. அளப்பதற்கு நம் நாட்டில் 40 அம்சங்கள் கொண்ட இந்திய அளவுகோல் இருக்கிறது. அதில் 70க்குக் கீழே வந்தால் ஆட்டிசம் இல்லை என்று கணக்கு. அது பெரும்பாலும் குழந்தைகளின் வெளிப்படையான நடத்தையைப் பார்த்து நிரப்புவது. உங்களைப் போல 14 வருடம் வேலையில் தாக்குப்பிடித்த ஒருவர் அதில் 70ஐத் தொடாமல் போகலாம். சட்டச் சலுகை கிடைக்காது என்பது வரைதான் அதற்குப் பொருள். நீங்கள் யார் என்பதற்கு அது தீர்ப்பு அல்ல.

பரிசோதனைக்குப் போவதானால், லீவு போடும் முன் போன் செய்து "பெரியவர்களுக்குப் பார்ப்பீர்களா" என்று கேளுங்கள். பல இடங்களில் குழந்தைகளை மட்டும்தான் பார்ப்பார்கள். பழைய ரிப்போர்ட் கார்டு, அம்மாவின் நினைவுகள், நீங்கள் இங்கே எழுதிய இந்தப் பக்கம், இவற்றைக் கொண்டு போங்கள். அம்மாவிடம் ஆட்டிசம் என்ற சொல்லைச் சொல்லாமல் கேளுங்கள், சொன்னால் உங்களைக் காப்பாற்றுவதற்காக எல்லாவற்றையும் மறுத்துவிடுவார். முக்கியமாக, பேச்சு நிற்கிற அந்த இரவுகளில் உயிரோடு இருக்கவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எப்போதாவது வந்தால் காத்திருக்க வேண்டாம். 14416 டெலி மானஸ் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம்.

கேள்விக்குப் பதில்: உங்களுக்குள்ளும் வீட்டுக்குள்ளும் சொல்லிக்கொள்ள என் அனுமதியோ வேறு யாருடைய அனுமதியோ தேவையில்லை. அந்தச் சொல்லின் பெயரால் இன்னொருவருக்கு மருத்துவம் சொல்லாதவரை.


சேலத்து அம்மா:

தங்கச்சி, திருடுகிற மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். அதைப் படிக்காமல் இருந்தால் நான் பதில் போட்டிருக்க மாட்டேன், கோபத்தில் மூடிவிட்டுப் போயிருப்பேன்.

என் மகனுக்கு 16 வயது. இருபது சொல் பேசுவான். பல் தேய்க்க, கால் கழுவ நான் வேண்டும். எனக்குப் பிறகு யார் என்பதை நினைக்காமல் ஒரு ராத்திரி தூங்கியதில்லை. ஏப்ரல் 2ஆம் தேதி, உலக ஆட்டிசம் தினம் வந்தால் எங்கே பார்த்தாலும் ஆட்டிசம் உள்ள விஞ்ஞானி, ஆட்டிசம் உள்ள பாடகர் என்று போடுகிறார்கள். என் பையன் மாதிரி ஒரு படம் வராது. இந்தச் சொல் விரிய விரிய அவன் ஓரத்துக்குத் தள்ளப்படுகிறான் என்பது என் வயிற்றெரிச்சல். அது இன்னும் போகவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.

அரசாங்கக் காகிதங்களில் மதியிறுக்கம், புற உலகச் சிந்தனையற்றவர் என்றெல்லாம் போடுவார்கள். என் பையனுக்குப் புற உலகம் அளவுக்கு மீறி உள்ளே வருகிறது, அதுதான் அவன் பிரச்சினை என்று ஒரு ஆபீசில் சண்டை போட்டிருக்கிறேன். நீ காது டெஸ்ட் அறையைப் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படிக்கும்போது எனக்கு அவன் ஞாபகம். அவன் மாடிப்படிக்கு அடியில் மூட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்வான். நாங்கள் இழுத்து இழுத்து வெளியே கொண்டு வருவோம்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் குக்கர் வைத்தால் அவன் தலையில் அடித்துக்கொள்வான். விசில் வரும்போது இல்லை, அதற்கு முன்னாலேயே ஆரம்பித்துவிடுவான். விசில் வந்த பிறகு கொஞ்சம் அடங்குவான். டாக்டரிடம் கேட்டால் பழகிவிடும் என்கிறார். பத்து வருடமாகப் பழகவில்லை. அவனால் சொல்ல முடியாது. உனக்குக் குக்கர் எப்படி இருக்கும்?


பிசிர்நூல்:

எல்லோருக்கும் ஒன்றாக எழுதுகிறேன், ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதினால் எனக்கு நாள் போய்விடும்.

பழையகணக்கு அண்ணா, உங்கள் தம்பி அடைந்துவிட்டார் என்பது வருத்தமாக இருக்கிறது. எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். இந்தச் சொல் தெரியும் முன்பு லைனில் சூப்பர்வைசர் பேசுவது புரியாதபோது புரிந்த மாதிரி தலையாட்டுவேன். இப்போது சார்ட்டையும் பேனாவையும் நீட்டி "எழுதிக் குடுத்துருங்க" என்கிறேன். ஆட்டிசம் என்று சொல்லவில்லை, சத்தத்தில் தப்பாகக் கேட்டுவிடுகிறது என்று மட்டும் சொன்னேன். அவரும் எழுதித் தருகிறார். மூன்று மாதமாக அளவில் ஒரு தப்பும் வரவில்லை. முயற்சி குறையவில்லை அண்ணா, எங்கே முயல வேண்டும் என்று தெரிந்தது.

வைகைக்கரை அம்மா, நீங்கள் சொன்ன மாதிரியே வேறு எது பொருந்தும் என்று எழுதிப் பார்த்தேன். பதற்றமும் எனக்கு இருக்கிறது. ஆனால் திண்ணையில் உட்கார்ந்திருந்த ஆறு வயதில் அது இல்லை, அது பிறகு வாங்கிய பேச்சுகளில் வந்தது. அம்மாவிடம் கேட்டேன். ஒன்றும் இல்லை, நீ நல்ல பிள்ளை என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே, தொட்டிலில் போட்டால்தான் தூங்குவாய், மடியில் வைத்தால் அழுவாய், என்னைப் பிடிக்கவில்லை என்று நான் அழுதிருக்கிறேன் என்றார். 38 வருடமாக அதை யாரிடமும் சொல்லவில்லையாம். அன்று இரண்டு பேரும் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தோம், ஒரு முழம் தள்ளி.

நடைமேடை அண்ணா, கணவரிடம் சொல்லிவிட்டேன். உங்கள் பதிலைப் படித்துக் காட்டினேன். "அப்போ நீ என்மேல கோவத்துல இல்லையா?" என்று கேட்டார். இத்தனை வருடத்துக்கும் சேர்த்து அதைக் கேட்டார். தீபாவளி ஷிப்மென்ட் முடிந்ததும் கோயம்புத்தூரில் பெரியவர்களைப் பார்க்கிற ஒரு இடத்துக்குப் போகலாம் என்று இருக்கிறோம். அவர்கள் இல்லை என்றால் என்ன செய்வது என்று கேட்டேன். "லேபிளை அப்பவும் பிரிச்சுத்தான போடுவ" என்றார்.

சேலத்து அக்கா, உங்கள் வயிற்றெரிச்சல் நியாயம். நான் எந்தச் சலுகைக்கும் எழுதிக் கொடுக்கப் போவதில்லை. என்னையும் உங்கள் மகனையும் ஒரே தட்டில் வைக்கவும் மாட்டேன். அவர் மனசில் இருப்பது எனக்குத் தெரியும் என்றும் சொல்ல முடியாது. குக்கர் எனக்கு எப்படி இருக்கும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

விசில் வலிக்கும், ஆனால் அது முடிந்துவிடுகிற வலி. அதற்கு முந்தைய ஐந்து நிமிடம்தான் தாங்காது. முதலில் அடியில் ஒரு இரைச்சல் வரும், உங்களுக்குக் கேட்காமலும் இருக்கலாம். பிறகு வெயிட் லேசாக ஆடும், ஸ்ஸ் என்று விட்டு விட்டு வரும். ஒவ்வொரு தடவையும் இதோ இதோ என்று உடம்பு முழுக்க இறுகும், வராது. மறுபடி இறுகும். விசில் வந்ததும் எனக்கு விட்ட மாதிரி இருக்கும், இரண்டாவதுக்கு மறுபடி ஆரம்பிக்கும். நான் சின்ன வயதில் அப்போது என் முன்கையைக் கடிப்பேன். கடித்தால் அந்த வலி எங்கே இருக்கிறது என்று தெரியும்.

நாங்கள் ஐந்து மாதமாகச் சோறு வடிக்கிறோம். பருப்புக்கு மட்டும் குக்கர், அதுவும் நான் வெளியே போனபிறகு கணவர் வைக்கிறார். உங்களுக்கு முடிந்தால் உங்கள் மகன் குளிக்கிற நேரத்தில், தண்ணீர் சத்தத்தில் வைத்துப் பாருங்கள். மாடிப்படிக்கு அடியிலிருந்து அவரை இழுக்காதீர்கள் அக்கா, அது மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். முடிந்தால் அங்கே ஒரு கனமான போர்வை போட்டு வையுங்கள்.

மிக்ஸி போடும் முன் என் மகள் "அம்மா, மிக்ஸி" என்று சொல்லிவிட்டு மூன்று எண்ணுகிறாள். அந்த மூன்றுக்குள் நான் கொல்லைக்குப் போய்விடுவேன். உங்கள் மகனுக்கு எண்ணிக்கை பிடிக்கும் என்றால் விரலைக் காட்டி பத்திலிருந்து தொடங்குங்கள். மூன்று அவருக்குப் போதாது.